லிவர்ப்பூல் நகரின் சுகாதார அதிகாரி

இங்கிலாந்தின் மேற்குக் கரையில், மெர்சி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் லிவர்ப்பூல் என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் துறைகளில் பருத்தியும் சர்க்கரையும் வந்து குவிந்தன, செல்வமும் குவிந்தது. ஆயினும், 1842-இல் எட்வின் சாட்விக் என்பார் வெளியிட்ட அறிக்கை வேறொரு கணக்கைக் காட்டிற்று. அந்நகரில் இறந்தோரின் சராசரி வயது செல்வர் குடும்பங்களில் 35. தொழிலாளர் குடும்பங்களிலோ 15. ஏழைகளின் குழந்தைகளில் மிகப் பலர் வளரும் முன்பே மாண்டனர் என்பதே இதன் பொருள்.

தொழிலாளருள் பலர் நிலவறைகளில் வாழ்ந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத அவ்வறைகளில் தெருக் கழிவுநீர் ஊறித் தரை ஈரமாகவே கிடக்கும். 1832-இல் நகரில் காலரா பரவியபோது, ஏழைகள் வாழ்ந்த தெரு ஒன்றில் கிட்டி வில்கின்சன் என்னும் பெண்ணின் வீட்டில் மட்டும் வெந்நீர்க் கொப்பரை இருந்தது. அவர் அண்டை வீட்டாரை அழைத்து, நோயாளிகளின் துணிகளைக் கொதிநீரிலிட்டுச் சலவைத்தூளால் வெளுத்துக் கொள்ளச் செய்தார். அதற்கு வாரம் ஒரு பென்னியே பெற்றார். எந்த அலுவலகமும் ஏவாமல் அவர் செய்த பணியை நகரவை பத்தாண்டுகளுக்குப் பின்னரே மேற்கொண்டது. 1842-இல் குளிப்பறைகளோடு கூடிய பொதுச் சலவைச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. ஆண்களின் சிலைகளே நின்ற அந்நகரின் புனித ஜார்ஜ் மண்டபத்தில் 2012-இல் கிட்டிக்கும் சிலை வைத்தனர்.

வில்லியம் ஹென்றி டங்கன் அந்நகரிலேயே 1805-இல் பிறந்த மருத்துவர். ஏழைகளுக்கு மருத்துவம் செய்து வந்த அவர், நோய்க்குக் காரணம் அவர்கள் வாழும் இடமே எனக் கண்டு, 1843-இல் அதனை நூலாக எழுதி வெளியிட்டார். 1846-இல் நகரத்திற்கெனத் தனிச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1847-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டங்கன் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பேற்றார். பிரிட்டனில் அப்பதவியை வகித்த முதல்வர் அவரே. ஜேம்ஸ் நியூலண்ட்ஸ் நகரப் பொறியாளராகவும், தாமஸ் பிரெஷ் தூய்மைக் கண்காணிப்பாளராகவும் அவருடன் பணியாற்றினர்.

பதவியேற்ற ஆண்டே பெருஞ்சோதனையாயிற்று. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் மூண்டதால், அவ்வோராண்டில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் லிவர்ப்பூலில் வந்திறங்கினர். பலர் அமெரிக்காவுக்குச் சென்றனர். கப்பற் கட்டணமற்றோர் நிலவறைகளில் நெருக்குண்டு தங்கினர். டைபசு காய்ச்சல் மூண்டது. கிடங்குகளும், ஆற்றில் நின்ற கப்பல்களும் மருத்துவமனைகளாயின. நோயாளிகளைத் தேடிச் சென்ற கத்தோலிக்கப் பாதிரிமார் பத்துப் பேர் அந்நோய்க்கே இரையாயினர்.

டங்கனின் துறை நிலவறைகளைச் சோதித்து, வாழத்தகாதவற்றிலிருந்து மக்களை வெளியேற்றியது. ஆனால் வெளியேறியவர் எங்கே போவர்? வேறு வீடில்லாமையால் பலர் இரவோடிரவாகத் திரும்பி வந்தனர். இக்குறையை நாம் மறைத்தல் ஆகாது. நியூலண்ட்சோ 1848 முதல் 1858 வரை 86 மைல் நீளத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய்களை மண்ணுக்கடியில் அமைத்தார். அப்பணி தொடங்கிய மறு ஆண்டே காலரா மீண்டும் வந்து, 5,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது.

இங்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. துர்நாற்றம் கலந்த காற்றே நோயைத் தருகிறது என்று டங்கன் நம்பினார். காலராவின் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தது 1884-இல். டைபசு பேன்களால் பரவுவதைச் சார்லசு நிகோல் கண்டறிந்தது 1909-இல். கொள்கை பிழையாயினும், கழிவை அகற்றியதும் நெருக்கத்தைக் குறைக்க முயன்றதும் பிழையாகவில்லை. கிட்டியின் கொதிநீரும் அப்படியே: கிருமி என்ற பகையை அறியாமலே அதனை அழித்தது.

டங்கன் 1863-இல் காலமானார். ஆறாண்டுகளுக்குப் பின், 1869-இல், நகரவை தானே வீடு கட்ட முன்வந்தது. புனித மார்ட்டின் குடில்கள் எனப்பட்ட அவை பெயருக்குத்தான் குடில்கள். உண்மையில் மாடி வீடுகள். இங்கிலாந்தில் நகரவை ஒன்று கட்டிய முதற் குடியிருப்பு அதுவே. எனினும், நிலவறைகளில் வாழ்ந்த பரம ஏழைகளுக்கு அவற்றின் வாடகை எட்டவில்லை.