மனக்கூடையும் மறதியும்

பின்வரும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்ந்திடுக.

கேமரன் மலையில் விடியற்காலைப் பனி இன்னும் விலகவில்லை. தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தாய் தொழிற்சாலை வேலைக்குப் புறப்படுகிறார். படிவம் ஒன்றில் பயிலும் மகனிடம், “கண்ணு, சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வை. கதவைப் பூட்டிச் சாவியை அத்தை வீட்டில் கொடு. பள்ளி விட்டு வரும்போது கடையில் சீனி வாங்கிவா,” என்று சொல்லிவிட்டுச் செல்கிறார். மகனும் “சரிம்மா” என்கிறான்.

மாலையில் தாய் வீடு திரும்புகிறார். தட்டு கழுவப்பட்டிருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. ஆனால், சாவி அத்தை வீட்டில் இல்லை. அவனுடைய புத்தகப்பையின் அடியில் கிடக்கிறது. சீனி வாங்கவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. “எத்தனை தடவை சொல்வது? ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறாயே!” என்று தாய் கடிந்துகொள்கிறார். மகன் தலைகுனிந்து நிற்கிறான். மறக்கவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ஏன் மறந்தான் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

இத்தகைய சிறுவர்களை நாம் எல்லா ஊர்களிலும் காணலாம். அவர்களுள் சிலருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்கக்கூடும். இதனைச் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பர். உலகின் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீட்டின்படி, நூறு சிறுவர்களுள் ஏறத்தாழ ஐவருக்கு இக்குறைபாடு உள்ளது. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் சராசரியாக இருவர் என்று கொள்ளலாம். அவர்கள் ஏன் மறக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது, அவர்களுக்கு உதவுவதற்கான முதற்படியாகும்.

செயல்நினைவு என்றால் என்ன?

கேமரன் மலையில் தேயிலைப் பயிர்த்தொழில் 1929ஆம் ஆண்டு போ தோட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து பெருகியது. இன்று பெரும்பாலும் இயந்திரங்களாலும் வெட்டும் கருவிகளாலும் கொழுந்து அறுவடை செய்யப்படுகிறது. நம் பாட்டிமார் காலத்தில், தோட்டத் தொழிலாளர்கள் முதுகில் கூடையைச் சுமந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளிப் போட்டார்கள். கூடை நிறைந்தால் கொழுந்து நிறுக்கும் இடத்திற்குச் சென்று கொட்டிவிட்டுத் திரும்பவேண்டும். நிறைந்த கூடையில் மேலும் திணித்தால் கொழுந்து வழிந்து தரையில் சிந்தும்.

நம் மனத்திலும் அப்படியொரு கூடை இருக்கிறது. ஒரு செயலைச் செய்து முடிக்கும்வரை, அதற்குத் தேவையான செய்திகளைச் சிறிது நேரம் ஏந்திக்கொண்டும் கையாண்டுகொண்டும் இருக்கும் ஆற்றலே செயல்நினைவு எனப்படும். இது நீண்டகால நினைவிலிருந்து வேறுபட்டது. ஐந்தாண்டுகளுக்குமுன் சென்ற சுற்றுலாவை நினைவுகூர்வது நீண்டகால நினைவு. ஆசிரியர் சொல்லும் மனக்கணக்கின் எண்களை மனத்தில் நிறுத்திக்கொண்டே கூட்டுவது செயல்நினைவு.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவரிடம் 7, 2, 9, 4 என்னும் எண்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். எளிதாகச் சொல்லிவிடுவார். பிறகு, வேறு நான்கு எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து முதல்வரை பின்னோக்கிச் சொல்லச் செய்யுங்கள். இப்போது சற்றுத் தயங்குவார். முதலாவது, கேட்டதை அப்படியே ஏந்தி வைப்பது. இரண்டாவது, ஏந்தியதை மாற்றி அடுக்குவது. இரண்டாவதற்குத்தான் செயல்நினைவு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இக்கூடையின் அளவு எவ்வளவு? அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், மனிதர் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு செய்திகளை மனத்தில் வைத்திருக்கலாம் என 1956ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர், நெல்சன் கோவன் என்பவர் 2001ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கு எனக் குறைத்தார். இவ்விரு கணிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1974ஆம் ஆண்டில், பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் செயல்நினைவின் அமைப்பை விளக்கினர். ஒலியை ஏந்தும் பகுதி ஒன்று, காட்சியை ஏந்தும் பகுதி ஒன்று, இரண்டையும் மேற்பார்வையிட்டுக் கவனத்தைப் பகிர்ந்தளிக்கும் மைய நிர்வாகி ஒன்று என அவர்கள் வகுத்தனர்.

கவனமும் நினைவும் பிரிக்க இயலாதவை என்பதைத் தமிழர் முன்பே உணர்ந்திருந்தனர். ஒரே நேரத்தில் பலர் கேட்கும் வினாக்களையும் பல நிகழ்வுகளையும் மனத்தில் நிறுத்தி விடையளிக்கும் கலையை அவதானம் அல்லது கவனகம் என்பர். நாகர்கோவிலைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் நூறு செயல்களைக் கவனித்துச் சதாவதானி எனப் புகழ்பெற்றார். நினைவாற்றலின் உச்சமாகிய இக்கலைக்கு, நினைவு என்று பெயரிடாமல் கவனம் என்றே பெயரிட்டனர். கவனம் சிதறினால் நினைவு நிற்காது என்பதை அப்பெயரே காட்டுகிறது.

குற்றமன்று, குறைபாடு

ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுள் சிலர் ஓரிடத்தில் அமர முடியாமல் துறுதுறுவென்று இருப்பர். கேள்வி முடியுமுன்னரே விடை சொல்வர். வேறு சிலர் அமைதியாகவே அமர்ந்திருப்பர். ஆனால், மனம் எங்கோ அலையும். இன்னும் சிலரிடம் இவ்விரண்டும் சேர்ந்து காணப்படும். அமைதியாக இருப்பவர்கள் யாருக்கும் தொல்லை தருவதில்லை என்பதால் அவர்களுடைய சிக்கல் வெளியே தெரிவதில்லை. குறிப்பாக, பெண்பிள்ளைகள் பலர் இவ்வாறு கண்டறியப்படாமலேயே வளர்ந்துவிடுகின்றனர்.

இக்குறைபாடு உள்ள எல்லாருக்கும் செயல்நினைவு குன்றியிருப்பதில்லை. எனினும், பலருக்கு அது வயதுக்குரிய அளவைவிடக் குறைவாக உள்ளதை ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டதைத் திருப்பிச் சொல்வதைவிட, மனத்தில் ஏந்தியதைக் கையாள்வதில்தான் அவர்கள் அதிகம் தடுமாறுகின்றனர். மைய நிர்வாகியின் செயல்பாடு குன்றியிருப்பது இதற்கு ஒரு காரணம் எனலாம். முன்பு கண்ட சிறுவன் சோம்பேறியல்லன். அவனது கூடை சிறியது. கதவைப் பூட்டும்போதே சாவியைப் பற்றிய செய்தி வழிந்து சிந்திவிட்டது.

ஆனால், உலகம் இதனை நெடுங்காலம் ஒழுக்கக் குறைவாகவே பார்த்தது. 1902ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அடங்காத, கவனம் நிலைக்காத 43 சிறுவர்களைப் பற்றி உரையாற்றினார். அவர்களுள் பலர் அறிவில் குறைந்தவர் அல்லர் என்பதை அவர் கண்டார். எனினும், சிக்கலின் வேரை ஒழுக்கக் கட்டுப்பாட்டில்தான் தேடினார்.

நூறாண்டுகளுக்குப் பின்னர் மூளையைப் படம்பிடிக்கும் கருவி வேறொரு விளக்கத்தைத் தந்தது. அமெரிக்காவில் பிலிப் ஷா தலைமையிலான ஆய்வுக்குழு, ஏ.டி.எச்.டி. உள்ள 223 சிறுவர்களின் மூளை வளர்ச்சியை, அக்குறைபாடு இல்லாத 223 சிறுவர்களின் மூளை வளர்ச்சியுடன் ஒப்பிட்டு, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. மூளைப் புறணியின் பாதிப் பகுதிகள் உச்சத் தடிப்பை எட்டும் இடைநிலை வயது, மற்றச் சிறுவர்களுக்கு ஏறத்தாழ ஏழரை. இக்குறைபாடு உள்ளவர்களுக்கோ பத்தரை. திட்டமிடுதல், கவனித்தல் ஆகியவற்றை ஆளும் நெற்றிப் பகுதியில்தான் தாமதம் மிகுதி. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, மூன்றாண்டு பிந்தியிருந்தது. பதின்மூன்று வயது மாணவனிடம் நாம் எதிர்பார்க்கும் தற்கட்டுப்பாடு அவனிடம் இன்னும் உருவாகாமல் இருக்கலாம் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவனுக்கு மற்றொரு சுமையும் சேர்கிறது. அங்குப் பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில் நடைபெறுகின்றன. நன்கு பழகாத மொழியில் ஒரு கட்டளையைக் கேட்கும்போது, சொற்களின் பொருளை உணர்வதற்கே கூடையின் ஒரு பகுதி செலவாகிறது. எஞ்சிய சிறிய இடத்தில் கட்டளையை ஏந்த வேண்டும். “32ஆம் பக்கத்தைத் திறந்து, படத்தைப் பார்த்து, மூன்றாம் கேள்விக்கு நோட்டில் விடை எழுது,” என்பது பிறருக்கு ஒரே கட்டளை; அவனுக்கோ நான்கு கட்டளைகள். பக்கத்தைத் திறந்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்து மாணவனைப் பார்க்கிறான். பேசுகிறான் என்று ஆசிரியர் கண்டிக்கிறார். இவ்வாறு நாள்தோறும் நடந்தால், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று அவன் முடிவு செய்துவிடுவான். மறதியைவிட இம்முடிவே அவனுடைய எதிர்காலத்தைக் கெடுக்கும்.

கூடைக்கு வெளியே உதவி

கூடையைப் பெரிதாக்க முடியாதா என்னும் கேள்வி எழலாம். செயல்நினைவை வளர்ப்பதாகக் கூறும் கணினி விளையாட்டுகள் பல உள்ளன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, விளையாடியவர்கள் அவ்விளையாட்டில் தேர்ந்தனரே தவிர, வாசிப்பிலும் கணிதத்திலும் குறிப்பிடத்தக்க மேம்பாடு அடையவில்லை எனத் தெரிந்தது. ஆகவே, மனத்தில் ஏந்த முடியாததை வெளியே வைத்துக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழியாகும்.

உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, இவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதுதான் கடினம் என்கிறார். எனவே, செயல் நடக்கும் இடத்திலேயே உதவி இருக்கவேண்டும். சாவியைப் பற்றி இரவில் அறிவுரை கூறுவதைவிட, கதவின் உட்புறத்தில் சாவியின் படத்தை ஒட்டி வைப்பது பயன் தரும். சீனி வாங்கவேண்டும் என்பதைக் காசோடு சேர்த்துத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யலாம்.

வகுப்பறையிலும் இதுவே வழி. செய்யவேண்டிய படிகளை ஆசிரியர் வெண்பலகையில் வரிசையாக எழுதலாம். பெருக்கல் வாய்பாட்டை மேசையில் ஒட்டி வைத்தால், கணக்கின் படிகளை நினைப்பதற்குக் கூடையில் இடம் கிடைக்கும். செயல்நினைவுக்கு வேலை மிகும்போது இச்சிறுவர்களின் உடலசைவும் மிகுகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். விழிப்புடன் இருக்க அந்த அசைவு துணைபுரியலாம் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, ஆடாமல் அசையாமல் இருக்கும்படி வற்புறுத்துவதைவிட, நோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பது நல்லது.

மறப்பவர் எல்லாரும் ஏ.டி.எச்.டி. உள்ளவர் அல்லர். தூக்கமின்மை, கவலை, செவிப்புலன் குறை ஆகியவற்றாலும் கவனம் சிதறும். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்குமுன் தோன்றி, ஆறு மாதத்திற்குக் குறையாமல் நீடித்து, வீடு, பள்ளி போன்ற ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட்டால் மட்டுமே மருத்துவர் இதனை உறுதிப்படுத்துவார். பெற்றோர் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தை நாடலாம். மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். நம் கல்வி அமைச்சும் எந்த மாணவரையும் மறுக்காமல் பள்ளியில் சேர்க்கும் கொள்கையை 2019ஆம் ஆண்டுமுதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. சிறப்புத் தேவையுடைய மாணவர் மற்ற மாணவரோடு சேர்ந்து பயிலும் உள்ளடக்கக் கல்வித் திட்டமும் உள்ளது.

திட்டங்கள் இருந்தாலும், அம்மாணவனின் பக்கத்தில் நாள்தோறும் அமர்ந்திருப்பவர்கள் நாம்தாம். ‘மறதி மன்னன்’ என்று பட்டப்பெயர் சூட்டுவதும், “இப்போது மூன்றாம் கேள்வி” என்று மெல்லச் சொல்வதும் நம் கையில்தான் உள்ளன. முன்பு மலைச்சரிவில் ஒருவர் கூடையிலிருந்து கொழுந்து சிந்தினால், பக்கத்து நிரையில் இருப்பவர் குனிந்து அள்ளிப் போட்டிருப்பார். வகுப்பறையிலும் நாம் செய்யவேண்டியது அவ்வளவுதான்.

அருஞ்சொற்பொருள்

கொழுந்து – தேயிலைச் செடியின் இளந்தளிர்
செயல்நினைவு – செயலை முடிக்கும்வரை செய்திகளை ஏந்திக் கையாளும் ஆற்றல்
மிகையியக்கம் – அளவுக்கு மீறிய உடலசைவு
புறணி – மூளையின் மேலடுக்கு
நிரை – வரிசை

கருத்துணர் கேள்விகள்

1. சிறுவன் தாய் சொன்னவற்றுள் எவற்றை மறந்தான்?
2. செயல்நினைவுக்கும் நீண்டகால நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. 2007ஆம் ஆண்டு வெளிவந்த மூளை வளர்ச்சி ஆய்வின் முடிவு, இம்மாணவர்களைப் பற்றிய நம் எண்ணத்தை எவ்வாறு மாற்றுகிறது?
4. ‘மறதியைவிட இம்முடிவே அவனுடைய எதிர்காலத்தைக் கெடுக்கும்’ என்று கட்டுரையாளர் கூறுவதன் காரணம் என்ன?
5. உமது வகுப்பில் கவனச்சிதறலால் தடுமாறும் நண்பருக்கு நீர் எவ்வாறு உதவலாம்? கட்டுரையில் கூறப்படாத இரண்டு வழிகளை எழுதுக.