பணிமனை மின்னணுப் பலகைக்கு ஒரு பழைய சாப்பாட்டு டப்பா

கற்றல் நோக்கம்: உலோகத்தூளால் மின்னணுப் பலகை பழுதாவதன் காரணம் அறிதல், வீட்டில் கழித்த பொருள்களால் காப்புறை அமைத்தல்.

துளையிடும்போதும் சாணை பிடிக்கும்போதும் பறக்கும் இரும்பு, அலுமினியத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். பலகையில் இணைப்பு ஊசிகளின் இடைவெளி பெரும்பாலும் 2.54 மி.மீ. மட்டுமே. அங்கே ஒரு சிறு உலோகச் சுருள் விழுந்தாலும் குறுக்குச்சுற்று ஏற்படலாம்.

தேவையானவை: இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, பழைய கணினியின் 12 வோல்ட் மின்விசிறி, மெல்லிய ஸ்பாஞ்ச்.

செய்முறை: முழுவதும் மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கும். எனவே பக்கவாட்டில் துளையிட்டு, காற்றை உள்ளே தள்ளுமாறு விசிறியைப் பொருத்துக. அதன் வெளிப்புறம் ஸ்பாஞ்ச் வடிகட்டியாகட்டும். எதிர்ப்பக்கம் கீழ்நோக்கிச் சிறு வெளியேறும் துளைகள் இடுக. உள்ளே அழுத்தம் சற்று மிகுந்திருப்பதால் இடுக்குகள் வழியே தூள் நுழையாது. ஏன் என்பதை மாணவர்களே விளக்கட்டும்.

சோதனை: பலகைக்குப் பதில் வெள்ளைத்தாளை வைத்து, விசிறியை இயக்கி, ஒரு பாடவேளை பணிமனையில் விடுக. பிறகு தாளை உருப்பெருக்கியால் பார்க்கச் செய்க. காந்தம் இரும்பை மட்டுமே காட்டும், அலுமினியத்தைக் காட்டாது. தூள் இருந்தால் வடிகட்டியைத் திருத்திய பின்னரே பலகையை வைக்கவும்.

எச்சரிக்கை: இது 5 அல்லது 12 வோல்ட் பலகைகளுக்கு மட்டுமே. 230 வோல்ட் பகுதிகளை இதில் வைக்கக்கூடாது. சாணைப்பொறி படும் திசையில் டப்பாவை வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகும்.