வால்வு இடைவெளியும் ஷிம் வில்லைகளும்

மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் ஊர் ஊராகச் சென்று பணியாற்றுவோர், எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ‘டக் டக்’ என்னும் ஓசை எழுந்தால் கவலை கொள்வது வழக்கம். ஓசை எழாத எஞ்சினைப்பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் இக்காலத்து எஞ்சின்களுள் ஒரு வகையைப் பொறுத்தவரை, ஓசை அடங்கிப்போவதே ஆபத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

நான்கு வீச்சு எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருவதற்கும், எரிந்த புகை வெளியேறுவதற்கும் வால்வுகள் உள்ளன. இவற்றைக் காம் தண்டு திறக்கிறது, சுருள்வில் மூடுகிறது. வால்வு மூடியிருக்கும்போது, அதற்கும் அதனை இயக்கும் உறுப்புக்கும் இடையே ஒரு சிறு வெளி இருத்தல் வேண்டும். எழுதும் காகிதம் ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், வால்வு இடைவெளியும் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியதே. எஞ்சின் சூடேறும்போது வால்வுத் தண்டு நீளுவதற்காக இந்த இடம் விடப்படுகிறது. புகை வால்வு மிகுந்த வெப்பத்துக்கு உள்ளாவதால், அதற்குரிய இடைவெளி உட்கொள் வால்வுக்கு உரியதைவிட வழக்கமாகச் சற்று அதிகமாக இருக்கும்.

1955-இல் சென்னையில் தொழில் தொடங்கிய என்பீல்டு நிறுவனத்தின் பழைய புல்லட் எஞ்சினை அறிந்தவர்களுக்கு இவ்விடைவெளியைச் சரிசெய்யும் முறை புதிதன்று. அதில் நெம்புதண்டின் அடியில் திருகும் பூட்டு மரையும் உண்டு. எஞ்சின் குளிர்ந்த நிலையில், தண்டு விரலால் உருட்டினால் உருளவும், மேலும் கீழும் ஆடாமலும் இருக்கும்படி திருகினால் போதும். அளவுக் கருவி கூடத் தேவையில்லை. மைசூரில் 1996 வரை தயாரிக்கப்பட்ட ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கோ இத்தொல்லையே கிடையாது. அவை இருவீச்சு எஞ்சின்கள், வால்வே இல்லாதவை.

இன்று ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 போன்ற வண்டிகளின் நிலை வேறு. அவற்றில் இரண்டு காம் தண்டுகள், நான்கு வால்வுகள். ஒவ்வொரு வால்வின் தலையிலும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, கடினமாக்கப்பட்ட எஃகு வில்லை ஒன்று அமர்ந்திருக்கும். இதுவே ஷிம். காம் தண்டு ஒரு விரல் போன்ற உறுப்பை அழுத்த, அது ஷிம்மை அழுத்த, வால்வு திறக்கிறது. திருகும் மரையும் இல்லாததால் அசையும் பாகங்களின் எடை குறைகிறது. எஞ்சின் மிக வேகமாகச் சுழல முடிகிறது. தளர்ந்து போக ஏதுமில்லை. ஆனால் இடைவெளியை மாற்றவேண்டுமானால் வேறு கனமுள்ள ஷிம்மை வைப்பதைத் தவிர வழியில்லை.

இத்தகைய எஞ்சினில் ஷிம்மும் காமும் தேய்வது மிகக் குறைவு. வால்வின் முகமும் அது அமரும் இருக்கையுமே சிறிது சிறிதாகத் தேய்கின்றன. இருக்கை தேயத் தேய வால்வு மேல்நோக்கி ஏறுகிறது, இடைவெளி குறைகிறது, ஓசையும் குறைகிறது. இடைவெளி அறவே மறைந்தபின் வால்வு முழுமையாக மூடுவதில்லை. புகை வால்வின் தலை ஏறக்குறைய 700 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் அடைவது. அவ்வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு இருக்கையில் அமர்ந்திருக்கும் கணங்களிலேயே வெளியேறுகிறது. அமராத வால்வு குளிராது. விளிம்பு கருகிக் கசியும். காலையில் கிளப்புவது கடினமாதல், சூடேறியபின் நிதான ஓட்டத்தில் நின்றுபோதல் ஆகியவை தோன்றும்போது சேதம் பெரும்பாலும் நிகழ்ந்திருக்கும். ஆகவே காதை நம்பாமல், வண்டியின் கைந்நூலில் குறித்துள்ள தூரம் ஓடியவுடன் அளந்து பார்ப்பது ஒன்றே வழி. (ஈயம் கலந்த பெட்ரோல் இந்திய முழுவதும் 2000-இல் நிறுத்தப்பட்டது. ஈயச் சேர்மங்கள் இருக்கையின்மேல் படிந்து தேய்வைத் தடுத்துவந்தன. இன்றைய எஞ்சின்களின் இருக்கைகள் அத்துணையின்றித் தாங்குமாறு கடினமாக்கப்பட்டவை.)

இவ்வேலையை வீட்டில் செய்ய இயலுமா? பெங்களூரின் பிரேசர் டவுனை எடுத்துக்கொள்வோம். 1898-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், கண்டோன்மென்டின் நெரிசலைக் குறைக்க அமைக்கப்பட்ட இப்பகுதியின் பழைய வீடுகளில் கூரையிட்ட முகப்பு உண்டு. தூசியும் காற்றும் படாத அத்தகைய இடமே போதும். மற்றொரு வசதி தட்பவெப்பம். அளவுகள் எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலைக்கே உரியவை. கைந்நூல்கள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய நிலையைக் குறிப்பிடும். பெங்களூரில் இரவு முழுதும் நிறுத்திவைத்த வண்டி, விடியற்காலையில் அந்நிலையை ஒட்டியே இருக்கும். சென்னையின் மே மாதக் காலையில் பத்து டிகிரி வரை கூடுதலாக இருந்தாலும் 90 மில்லிமீட்டர் நீள எஃகுத் தண்டு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவே நீளும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. முந்திய மாலையில் ஓட்டிய சூடு ஆறாமல் அளப்பதற்கே அஞ்சவேண்டும்.

பெட்ரோல் தொட்டியை இறக்கி, சுற்றிலும் துடைத்தபின் வால்வு மூடியையும் தீப்பொறிச் செருகியையும் கழற்றவேண்டும். கியர் நடுநிலையில் இருக்கட்டும். கிராங்குத் தண்டை அது இயல்பாகச் சுழலும் திசையிலேயே ஸ்பானரால் திருப்பி, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொணர்ந்தால் காம்களின் மூக்குகள் விரல்களை விட்டு விலகி நிற்கும். இப்பொழுது ஃபீலர் கேஜ் தகடுகளைச் செலுத்துக. 0.08 தகடு இலேசான பிடிப்புடன் நுழைந்து, 0.09 தகடு நுழையாவிடில் இடைவெளி 0.08 எனக் கொள்ளலாம். தகட்டை வலிந்து தள்ளினால் எந்த அளவும் கிடைக்கும். பழகாதவர் ஒரே வால்வை மும்முறை அளந்து, மூன்றும் ஒத்தால் மட்டும் எழுதிக்கொள்க.

நான்கு வால்வுகளும் எல்லைக்குள் இருந்தால் மூடியை மீண்டும் பொருத்திவிடலாம். இல்லையேல் ஷிம்மை வெளியே எடுக்கவேண்டும். சில எஞ்சின்களில் விரலை ஒதுக்கினால் போதும். சிலவற்றில் காம் தண்டையே கழற்றவேண்டும். கழற்றுமுன் சங்கிலியை இறுக்கும் உறுப்பைத் தளர்த்தி, பற்சக்கரங்களின் குறிகளைப் படம் வரைந்து வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு பல் தவறிப் பொருத்தினாலும் வால்வு பிஸ்டனில் மோதக்கூடும். சங்கிலி இறங்கும் குழியைத் தூய துணியால் அடைத்தபின்னரே ஷிம்மைத் தொடுக. குழிக்குள் விழுந்த ஷிம்மைத் தேடும் வேலை, மற்ற வேலை அனைத்தையும்விட நீண்டது.

கணக்கு எளிது. பழைய ஷிம்மின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புதிய ஷிம்மின் கனம் கிடைக்கும். ஒரு புகை வால்வின் எல்லை 0.15 முதல் 0.20 வரை என வைத்துக்கொள்வோம். அளந்தது 0.08, மைக்ரோமீட்டர் காட்டும் பழைய ஷிம்மின் கனம் 2.42. (மேலே பொறித்த எண் அழிந்திருக்கலாம்; அழியாவிடினும் அளந்து பார்ப்பதே நன்று.) இரண்டின் கூட்டுத்தொகை 2.50. கடையில் 2.30, 2.35 ஆகிய கனங்களே கிடைக்குமாயின், முன்னது 0.20 இடைவெளியையும் பின்னது 0.15 இடைவெளியையும் தரும். இரண்டும் எல்லைக்குள் அடங்கியவையே. எனினும் 2.30 ஷிம்மையே தேர்ந்தெடுக்கவேண்டும். ஏனெனில் நாளடைவில் இடைவெளி குறையுமேயன்றிக் கூடாது. சற்று ஓசை கேட்பினும் கேட்கட்டும். வகுப்பில் தசமப் பின்னம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது நல்லதொரு கணக்காகும். விடை இரண்டும் சரியாயிருக்க, ஒன்று மற்றதைவிட மேலானது.

ஒரு வால்விலிருந்து எடுத்த ஷிம் மற்றொன்றுக்குப் பொருந்துவதும் உண்டு. வாங்குமுன் அதனைச் சோதித்தல் சிக்கனம். கனத்தைக் குறைக்க ஷிம்மை உப்புத்தாளில் தேய்ப்போர் உளர். சமதளம் கெட்டு ஒரு பக்கம் சரியுமாதலால் அது தகாது.

திரும்பப் பொருத்தும்போது காம் தண்டின் மூடித் திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி, குறிப்பிட்ட முறுக்களவுக்கே இறுக்கவேண்டும். துணியை எடுத்தாயிற்றா என்பதைப் பார்த்தபின், தீப்பொறிச் செருகியை மாட்டாமலே கிராங்கை இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றுக. எங்கேனும் தடை தட்டினால் உடனே நிறுத்தி, குறிகளை மீண்டும் ஒப்பிடவேண்டும். தடையில்லையேல் நான்கு இடைவெளிகளையும் மறுமுறை அளந்து, புதிய ஷிம்களின் கனத்தோடும் ஓடிய கிலோமீட்டரோடும் ஒரு தாளில் குறித்து, மாற்றிய பழைய ஷிம்களை அத்தாளிலேயே மடித்துக் கருவிப்பெட்டியில் வைத்துவிடலாம். அடுத்த முறை அவற்றுள் ஒன்று தேவைப்படலாம்.