டிராக்டரில் காற்றழுத்தப் பொறி பொருத்துதல்

பெயரிலேயே குளத்தைத் தாங்கிய தல்லாகுளம் இன்று மதுரை மாநகராட்சியின் தலைமை அலுவலகம் அமைந்த நகர்ப்பகுதியாகும். அங்கிருந்து அழகர்கோயில் சாலையிலோ நத்தம் சாலையிலோ வடக்கு நோக்கிச் சென்று நகரைக் கடந்தால், தோட்டங்களின் நடுவே கிணறுகளையும், அவற்றின் மேட்டில் குவிந்து கிடக்கும் கல் குவியல்களையும் காணலாம். மேலே சில அடி மண், அதன் கீழ் உக்கிய பாறை, அதற்கும் கீழ் கெட்டிப் பாறை என்பதே இந்நிலத்தின் பொதுவான அமைப்பு. நீர் பாறையின் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஆதலால் இங்கே கிணற்றை ஆழப்படுத்துதல் என்பது பாறையைத் துளைத்து உடைத்தலேயாகும். உளியும் சம்மட்டியும் செய்து வந்த அவ்வேலையை இப்போது டிராக்டரின் பின்புறம் பொருத்திய காற்றழுத்தப் பொறி செய்கிறது. கிராமத்தார் இதைக் கம்ப்ரசர் வண்டி என்பர்.

அழுத்தக் காற்றால் பாறையைத் துளைக்கும் முறை புதியதன்று. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மோன் செனி மலையைக் குடைந்த பொறியாளர்கள் 1861ஆம் ஆண்டிலேயே இதைக் கையாண்டனர். நமது மாநிலத்தில், சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனமும் கோவையில் எல்ஜி காற்றழுத்தப் பொறி நிறுவனமும் ஒரே ஆண்டில், அதாவது 1960இல், தோன்றின.

டிராக்டரில் பொறியைப் பொருத்த விரும்புவோர் முதலில் போட வேண்டியது காற்றுக் கணக்கு. பாறை துளைக்கும் கைத்துளைப்பான் ஒன்றுக்கு, அதன் அளவுக்கேற்ப, நிமிடத்துக்கு 80 முதல் 120 கன அடி வரை காற்று வேண்டும். அக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு 6 அல்லது 7 கிலோ அழுத்தத்தில் இருத்தல் வேண்டும். இவ்வழுத்தத்தில் ஒரு குதிரைச் சக்தியைக் கொண்டு உத்தேசமாக 4 கன அடிக் காற்றே பெற முடியும். 35 குதிரைச் சக்தி எஞ்சினில் பின்தண்டுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 30 என்று கொண்டால், கிடைப்பது 120 கன அடி. இது ஒரு துளைப்பானுக்கே சரியாகப் போதும். இரண்டை மாட்டினால் அழுத்தம் இறங்கி, இரண்டும் பாறையைத் தட்டிக்கொண்டிருக்குமேயன்றித் துளைக்கமாட்டா. டீசல் மட்டும் குறைவின்றிச் செலவாகும். கடன் வாங்கிப் பொறி பொருத்துவோர் இக்கணக்கைப் போட்ட பின்னரே முன்பணம் கொடுத்தல் நலம். ஒரே கிணறு உடையவர் பொறியைச் சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு அமர்த்துவதே மேல் என்பது நமது கருத்து.

அடுத்தது வேகம். டிராக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது பொதுவான அளவு. பொறிக்கு 900 சுற்றுத் தேவை என்று அதன் தகட்டில் பொறித்திருந்தால், பொறியின் கப்பி 12 அங்குலமாயின் தண்டின் கப்பி 20 அங்குலமாக இருத்தல் வேண்டும். கப்பியைத் தவறாக அமைத்துவிட்டு, எஞ்சினை விரட்டி ஈடுகட்ட முயல்வது இரண்டு இயந்திரங்களையும் ஒருசேரக் கெடுப்பதாகும். சுழலும் தண்டுக்கும் பெல்ட்டுகளுக்கும் இரும்புக் கூடு அவசியம். நம்மவர் வேட்டியும் துண்டும் அணிந்து வேலை செய்பவர்கள். துணியின் நுனி தண்டில் சிக்கினால், எஞ்சினை நிறுத்த ஓடுவதற்குள் ஆளையே சுருட்டிவிடும்.

பொறியின் பளு பின்னச்சுக்கு அப்பால் தொங்குவதால் முன்சக்கரங்கள் இலேசாகி, வரப்பிலும் மேட்டிலும் திருப்பும் சக்தியை இழக்கும். ஆகவே முன்புறம் எடைக் கட்டிகள் மாட்டல் வேண்டும். வண்டி ஓடாமல் வெயிலில் நின்றபடியே மணிக்கணக்காக உழைப்பதால், ரேடியேட்டரில் படியும் கல்தூசியைத் தினமும் ஊதியெடுத்து, காற்று வடிகட்டியையும் கழுவுதல் வேண்டும்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவனுக்கும் தெரியும். ஒரே மூச்சில் 7 கிலோவுக்கு அழுத்தினால் சூடு 200 டிகிரியைத் தாண்டிவிடும். இதனால்தான் இரண்டு கட்டங்களாக அழுத்தி, இடையில் குளிரச் செய்கிறார்கள். கழிவு எஞ்சின் எண்ணெயை இப்பொறியில் ஊற்றும் சிக்கனம் மிக ஆபத்தானது. அது கரியாகி வெளியேறும் குழாயில் படிந்து, அச்சூட்டில் தீப்பற்றக்கூடும்.

எல்லாவற்றிலும் அதிக எச்சரிக்கை வேண்டுவது காற்றுத் தொட்டி. 200 லிட்டர் தொட்டியில் 7 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட காற்று, ஒரு டன் கல்லை 10 மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. தொட்டி நிறைந்ததும், இறக்கு வால்வு உறிஞ்சும் வழியைத் திறந்து வைத்துப் பொறியை வெறுமனே ஓடவிடும். அது சிக்கிக்கொண்டால் காப்பு வால்வு சீறும். இவ்விடத்தில்தான் பலர் பிழை செய்கிறார்கள். சீறல் காதைத் துளைக்கிறதே என்று காப்பு வால்வின் திருகை இறுக்குகிறார்கள். சிலர் கம்பியால் கட்டியும் விடுகிறார்கள். சீறுவது காப்பு வால்வின் குற்றமன்று. அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று அது அறிவிக்கிறது. உடனே எஞ்சினை நிறுத்தி, இறக்கு வால்வைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். தொட்டியின் அடியில் சேரும் நீரைத் தினமும் வடிக்காவிடில் உட்புறம் துருவேறித் தகடு மெலியும். பழைய தொட்டியை வாங்கினால், நீரை நிரப்பி அழுத்திச் சோதித்த பிறகே பொருத்தலாம். நீர் சுருங்காது, ஆகையால் தகடு கிழிந்தால் ஒழுகுவதோடு நிற்கும். காற்றை அடைத்துச் சோதித்தாலோ சோதிப்பவருக்கே ஆபத்து.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். டிராக்டரைக் காற்று வீசும் திசையறிந்து நிறுத்துதல் வேண்டும். எஞ்சின் புகை கிணற்றுக்குள் இறங்கலாகாது. நமது பாறைகளில் படிகக்கல் கலந்திருப்பதால், உலர்ந்த நிலையில் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும். கிணறோ நாற்புறமும் அடைபட்ட இடம். துளையில் நீர் செலுத்தித் துளைத்தால் தூசி சேறாகிவிடும். நீர்க்குழாய் உள்ள துளைப்பானுக்குச் சற்று அதிக விலை கொடுக்க வேண்டியிருப்பினும், கூலிக்கு இறங்கும் தொழிலாளியின் மூச்சைக் கருதி அதையே வாங்குதல் வேண்டும். வெடி வைப்பது உரிமம் பெற்றவரின் வேலை. வெடித்த பின் நச்சுப் புகை அடியில் தேங்கும். பொறியை ஓட்டி, ரப்பர் குழாயின் நுனியைக் கிணற்றின் அடிவரை இறக்கி, நன்றாக ஊதிய பிறகே ஆளை இறக்கலாம். குழாயைக் கழற்றுமுன் குழாய்த்திருகை மூடி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றிவிடுதல் வேண்டும். இணைப்பு தோறும் ஒரு சங்கிலி போட்டிருந்தால், தவறிக் கழன்ற குழாய் சாட்டையாகச் சுழன்று அருகில் நிற்பவரைத் தாக்காது.