வேலியோரச் செந்தட்டியும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு செடியும்

வெளிநாட்டு இயற்கை விவசாயிகள் 'நெட்டில் கரைசல்' என்று ஒன்றைப் பெரிதாகச் சொல்வார்கள். தொட்டால் சுரீரென்று அரிக்கும் ஒரு செடி. 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ பச்சை இலை போட்டு ஊறவைத்து, வடிகட்டி, மேலும் தண்ணீர் கலந்து தெளிப்பார்கள். பயிர் கருகருவென்று வரும், அசுவினி குறையும் என்பது அவர்கள் அனுபவம். படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அரிக்கிற செடிதானே, நம்ம வேலியில செந்தட்டி கொட்டிக் கிடக்குதே!

எங்க நிலம் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம். கரிசல் மண், மக்காச்சோளம், சின்ன வெங்காயம், கிணற்றடியில் கொஞ்சம் காய்கறி. கிளுவை வேலி முழுக்கச் செந்தட்டி சுற்றிக்கொண்டு கிடக்கும். களை எடுக்க வந்த பெரியம்மாவிடம் அறுத்துத் தரச் சொன்னேன். "ஏந்தம்பி, ஆடே ஒதுங்கிப் போற செடியப் போயி அறுக்கச் சொல்றியே" என்றார். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் அறுத்தார். அப்படியும் முழங்கை வரை தடித்துப்போய் இரண்டு நாள் வேலைக்கு வர முடியவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்ற உறுத்தல் இன்னும் இருக்கு.

கரைசலை ஒரு கத்தரிப் பாத்திக்குத் தெளித்தேன். பக்கத்துப் பாத்திக்கு வெறும் தண்ணீர். மூன்று வாரம் பார்த்தேன். இரண்டுக்கும் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் செந்தட்டியின் காயை உட்கார்ந்து பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. காய் மூன்று பிளவாக, ஒவ்வொரு பிளவிலும் ஒரு விதையோடு இருக்கிறது. ஆமணக்குக் காயைச் சின்னதாக்கினால் எப்படியோ அப்படி! செந்தட்டி, அதாவது டிராஜியா இன்வலூக்ரேட்டா, ஆமணக்குக் குடும்பம். குப்பைமேனியும் மரவள்ளியும் அதற்குச் சொந்தக்காரர்கள். நெட்டில் என்பது அர்டிகா. அதன் குடும்பம் அர்டிகேசி. இரண்டுக்கும் உறவே இல்லை.

அரிப்பு ஒன்றுபோல இருந்தாலும் அரிக்கிற விதம் வேறு. அர்டிகாவின் முடி கண்ணாடிபோல நொறுங்கும் நுனி கொண்ட குழாய். நுனி ஒடிந்ததும் ஊசி போட்ட மாதிரி ஹிஸ்டமின் உள்ளிட்ட பொருட்கள் தோலுக்குள் இறங்கும். செந்தட்டி முடிக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசிபோல இருக்கிறது, குத்துவது அதுதான். எது பட்டாலும் தேய்க்கக் கூடாது. கழுவுங்க, ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்து முடியை எடுங்க.

அர்டிகா குளிர்ப் பகுதிச் செடி. நம் நாட்டில் இமயமலைப் பக்கம் வளரும். பெரம்பலூர் வெயிலுக்கு ஆகாது. பிரான்சில் அந்தக் கரைசலுக்காக ஒரு போராட்டமே நடந்தது. 2006-ல் வந்த வேளாண் சட்டம், அனுமதி பெறாத பயிர்ப் பாதுகாப்புப் பொருட்களைப் பரிந்துரைப்பதையே தடுத்தது. வீட்டில் ஊறவைக்கும் நெட்டில் தண்ணீரும் அதில் சிக்கியது. உழவர்களும் தோட்டக்காரர்களும் விடவில்லை. 'நெட்டில் போர்' என்றே அதற்குப் பெயர். 2011-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றது. அவர்கள் போராடி வாங்கியது அர்டிகாவுக்கு. அந்த அளவை எடுத்துச் செந்தட்டிமேல் வைத்தது என் தப்பு.

அப்போ நம்ம பக்கம் நெட்டில் குடும்பமே இல்லையா? இருக்கு. அரியலூர் மாவட்டம் திருமானூர் பக்கம் தங்கச்சி வீடு. கொள்ளிடக் கரை, ஈரம் காயாத ஊர். மழைக்குப் பிறகு அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், நிழலில், இடுப்பளவு ஒரு செடி நின்றது. கொடி இல்லை, நேராக நிற்கும் செடி. நீண்ட காம்பில் ரம்பப் பல் விளிம்புள்ள இலை. இலைக்கக்கத்தில் நீளமான பூந்தண்டு; அதில் பூக்கள் விட்டு விட்டுக் கொத்தாக இருந்தன. இதனால்தான் லாபோர்டியா இன்டரப்டா என்று பெயர். லேசாக அரிக்கும், செந்தட்டி அளவுக்கு இல்லை. காய் மூன்று பிளவாக இருக்காது; தட்டையான ஒற்றை விதை, கடுகைவிடப் பொடி. ஊரில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. அரித்தால் எல்லாமே காஞ்சொறிதான்.

அவள் வயல் வரப்பில் இன்னொன்றும் இருந்தது, போசோல்சியா சைலானிக்கா. அரிக்கவே அரிக்காது, இலைக்கக்கத்தில் சின்னச் சின்னப் பூக்கொத்து. மூன்றாவது உங்க வீட்டிலேயே இருக்கலாம். நர்சரியில் வாங்கிய தொட்டி மண்ணில், பாசிபோலப் படரும் பொடி இலைச் செடி, பைலியா மைக்ரோஃபில்லா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மொட்டு வெடித்து மகரந்தத்தைப் புகைபோலத் தெறிக்கும். 'பீரங்கிச் செடி' என்பார்கள். நிழல் தொட்டியில் மண் காயாமல் மூடி வைக்கும். ஆனால் நாற்றங்காலில் விட்டால் பிடுங்கி மாளாது.

லாபோர்டியாவைக் கரைசலாக்கலாமா என்று கேட்பீங்க. நான் செய்து பார்த்தேன், செடி ஊக்கத்துக்கு மட்டும். கீரைப் பாத்தி பச்சை கட்டியது. ஆனால் அந்தச் செடி நின்ற இடத்தைப் பாருங்க: சாணமும் கோமியமும் ஊறிய மண். நெட்டில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் செடி அல்ல. கொழுத்த மண்ணில் நின்று அந்தச் சத்தை இலையில் சேர்க்கும். கோமியத்தை நேராகக் கலந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது. தழைச்சத்துதான் வேண்டுமென்றால் வரப்பில் கிளைரிசிடியா வைத்து வெட்டிப் போடுவது எனக்கு லாபமாகப் படுகிறது.

அதற்காக லாபோர்டியாவைக் களையென்று வழிக்க வேண்டாம். கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டும் அதைச் சுற்றி நீலப் பளபளப்பும் உள்ள பட்டாம்பூச்சி (ஹைபோலிம்னாஸ் பொலினா) இதில் முட்டை வைக்கும்; புழு இந்த இலையைத் தின்னும். தங்கச்சி கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்கு விட்டு வைத்திருக்கிறாள். பிள்ளைகள் ஓடும் பாதையில் இருப்பதை மட்டும், விதை கட்டுவதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்கி, இரண்டு நாள் வெயிலில் வாடவிட்டு எருக்குழியில் போடுகிறாள்.