திக்கும் வீடியோ, பிந்தும் குரல்

கேள்வி: ஐயா, நான் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வீட்டிலிருந்தே பாடங்களை ஓபிஎஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்கிறேன். திரை முழுக்க ஜியோஜீப்ரா கணித மென்பொருள், மூலையில் வெப்கேமில் என் முகம். லேப்டாப் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அதற்குப் பிறகு வீடியோ திக்கித் திக்கி வருகிறது. ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசுகிறேன். போனில் பேசுவது போல இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். 40 நிமிடப் பாடம் முடியும்போது வாயசைவுக்கு 2 நொடி பிந்திக் குரல் வருகிறது. சத்தம் விழக்கூடாது என்று ஃபேனை நிறுத்தி, கதவு ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் உட்காருகிறேன். புது லேப்டாப்தான் தீர்வு என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?
— ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: வணக்கம் டீச்சர். வாங்க வேண்டாம். உங்கள் லேப்டாப் இந்த வேலைக்குப் போதும். மூன்று கோளாறுகளை ஒரே கோளாறாக நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் மூன்றுக்கும் செலவு அதிகமில்லாத வழி இருக்கிறது.

முதலில் வீடியோ. "முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். லேப்டாப்புக்கு உண்மையிலேயே சக்தி போதாதென்றால் முதல் நிமிடத்திலேயே திக்க ஆரம்பித்திருக்கும். நேரம் போகப்போகத் திணறுகிறது என்றால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ப்ராசஸர் ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் ஓடாத, ஜன்னல் சாத்திய அறையில், சித்திரை வெயிலில் அது வேறென்ன செய்யும்? குரலுக்காக நீங்கள் செய்த ஏற்பாடே வீடியோவைக் கெடுக்கிறது.

ஊகத்தை நம்ப வேண்டாம், உறுதி செய்துகொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸில் டாக்ஸ் மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டே பதிவு செய்யுங்கள். அதில் மூன்று கணக்குகள் ஓடும். 'ரெண்டரிங் லேக்' ஏறினால் படத்தை அடுக்கி வரைய கிராபிக்ஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. 'என்கோடிங் லேக்' ஏறினால் வரைந்த படத்தைச் சுருக்கி ஃபைலாக்கும் வேலை பின்தங்குகிறது. 'நெட்வொர்க்' என்ற மூன்றாவது நேரலைக்கு மட்டும்தான். உங்களுக்கு அது தேவையில்லை. 15 நிமிடம் வரை பூஜ்யத்தில் நிற்கும் 'என்கோடிங் லேக்' அதன்பின் ஏறத் தொடங்கினால் சூடுதான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம்.

சூட்டைக் குறைக்க வேண்டுமானால் வேலையைக் குறைக்க வேண்டும். வீடியோ செட்டிங்ஸில் 60 எஃப்பிஎஸ் இருந்தால் 30 ஆக்குங்கள். 60 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. கோடும் வட்டமும் வரையும் பாடத்துக்கு 30 தாராளம். பல லேப்டாப்களின் திரை 1366க்கு 768தான். உங்களுடையதும் அப்படியென்றால் 1920க்கு 1080இல் பதிவு செய்வது வீண் பாரம்; கூர்மை கூடாது. திரையின் அளவையே பேஸ், அவுட்புட் ரெசல்யூஷன் இரண்டுக்கும் கொடுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம் என்கோடரில் இருக்கிறது. எக்ஸ்264 என்று இருந்தால் சுருக்கும் வேலை முழுவதும் ப்ராசஸரின் தலையில்தான் விழும். உங்கள் இன்டெல் சிப்புக்குள் இந்த வேலைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பெயர் க்விக்சிங்க். இன்டெல் இதை 2011இலேயே கொண்டுவந்துவிட்டது. பலர் லேப்டாப்பில் சும்மா கிடக்கிறது. அவுட்புட் பக்கத்தில் 'சிம்பிள்' முறையிலேயே இருந்து, ரெக்கார்டிங் என்கோடரை 'ஹார்ட்வேர், க்யூஎஸ்வி, ஹெச்.264' என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் ரெக்கார்டிங் குவாலிட்டி 'சேம் அஸ் ஸ்ட்ரீம்' என்றிருந்தால் முதலில் அதை 'ஹை குவாலிட்டி' ஆக்குங்கள். நேரலைக்கான குறைந்த பிட்ரேட்டில் பதிந்தால் அடுக்குக்குறி எழுத்துகள் மங்கிவிடும். எக்ஸின் வர்க்கமா, இரண்டு எக்ஸா என்று பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்க்க நேர்ந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

சார்ஜரைச் செருகியே பதிவு செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மெத்தை மீது வைக்காதீர்கள். ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், அதன் சத்தத்துக்குக் கீழே வழி சொல்கிறேன். ஃபைலை எம்பி4இல் நேரடியாகச் சேமிக்காமல் எம்கேவியில் சேமித்து, முடிந்தபின் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப் நடுவில் அணைந்தாலும் எம்கேவியில் அதுவரை பதிந்தது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சாதாரண எம்பி4 மொத்தமாகப் போய்விடும்.

அடுத்தது குரல். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். வீடியோ கொஞ்சம் திக்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவில்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள்.

ப்ளூடூத் ஹெட்செட் பாட்டு கேட்கும்போது நன்றாக ஒலிக்கும். அதிலுள்ள மைக்கை இயக்கியதும் அது வேறு முறைக்கு மாறிவிடுகிறது. வழக்கமான ஹெட்செட்டுகளில் அந்த அழைப்பு முறையில் குரல் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் பதிவாகும்; ஓபிஎஸ் எதிர்பார்ப்பதோ 48,000. நொடிக்கு 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் பதிவாகாது. 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. நீங்கள் முக்கோணவியல் நடத்தும்போது 'காஸ் தீட்டா' என்பதில் 'ஸ்' கரைந்து 'கா தீட்டா' என்று கேட்கும். செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் அது திரும்பி வராது; பதிவாகவே இல்லையே.

அதனால் ப்ளூடூத் மைக்கை விட்டுவிடுங்கள். வயர் உள்ள சாதாரண இயர்போன் மைக் கூட அதைவிட மேல். ஒரு காலர் மைக் வாங்கினால் இன்னும் நல்லது. புது லேப்டாப்பின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் குத்திக்கொள்ளுங்கள், ஃபேன் காற்று நேரே படாதபடி. ஓபிஎஸ்ஸில் மைக்கின் ஃபில்டர்ஸுக்குப் போய் 'நாய்ஸ் சப்ரஷன்' சேர்த்து, 'ஆர்என்நாய்ஸ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேனின் இரைச்சலை அது நன்றாகவே எடுத்துவிடும். வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியை மட்டும் அதனால் எடுக்க முடியாது. அதற்குப் பின்சுவரில் ஒரு ஜமுக்காளம் தொங்கவிடுங்கள். பேசும்போது மீட்டர் மஞ்சளில், அதாவது மைனஸ் 20க்கும் மைனஸ் 9 டெசிபலுக்கும் நடுவில் ஆடட்டும். சிவப்பின் கடைசி முனையில் முட்டினால் குரல் கிழியும்.

மூன்றாவது, குரல் பிந்துவது. இதில் இரண்டு வகை உண்டு, மருந்து வேறு வேறு. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் அது தாமதம். கேமராவுக்கு முன் ஒரு கை தட்டி, கைகள் சேரும் ஃப்ரேமுக்கும் ஓசைக்கும் இடைவெளியை எண்ணுங்கள். வெப்கேம் படம் பிந்தி, ஓசை 4 ஃப்ரேம் முந்தியிருந்தால் 30 எஃப்பிஎஸ்ஸில் சுமார் 130 மில்லிசெகண்ட். அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்டீஸில் மைக்கின் 'சிங்க் ஆஃப்செட்'டில் 130 என்று போட்டால் சரியாகிவிடும்.

உங்களுடையது போகப்போகக் கூடும் வகை. முதலில் ஃபைலை விஎல்சி ப்ளேயரில் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக இருந்து எடிட்டிங் மென்பொருளில் மட்டும் விலகினால் ஓபிஎஸ் மீது குற்றமில்லை. விஎல்சியிலும் விலகினால் நான் முதலில் சந்தேகிப்பது ப்ளூடூத்தையும் பொருந்தாத சாம்பிள் ரேட்டையும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ரெக்கார்டிங், ப்ளேபேக் இரண்டு கருவிகளின் ப்ராப்பர்டீஸுக்கும் போய் அட்வான்ஸ்டில் 48000 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஓபிஎஸ் ஆடியோ பக்கத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ். ஓரிடத்தில் 44.1, இன்னோரிடத்தில் 48 என்று விடாதீர்கள். மாற்றியபின் ஒரு முழு 40 நிமிடம் பதிந்துதான் சோதிக்க வேண்டும். 5 நிமிடச் சோதனையில் இந்தக் கோளாறு தெரியாது.

ஏற்கெனவே பதிந்த பாடங்களை அழித்துவிடாதீர்கள், காப்பாற்றலாம். 20ஆவது நிமிடத்தில் பாருங்கள். அங்கே விலகல் சுமார் 1 நொடி என்றால் சீராக விலகுகிறது என்று பொருள். ஆடியோவைத் தனியாக எடுத்து ஆடாசிட்டியில் திறந்து, 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' எஃபெக்டில் 0.083 சதவீதம் கூட்டுங்கள். 2,400 நொடிக்கு 2 நொடி என்ற கணக்கு அது. குரலின் சுருதி மாறியது யார் காதுக்கும் தெரியாது. பிறகு வீடியோவில் பழைய ஆடியோவுக்குப் பதில் இதை வையுங்கள். 20ஆவது நிமிடம் வரை சரியாக இருந்து ஓரிடத்தில் திடீரென்று குதித்திருந்தால் வேகத்தைத் தொடாதீர்கள். குதித்த இடத்தில் ஆடியோவை வெட்டி, மிச்சத்தை முன்னால் நகர்த்தினால் போதும்.