ஒன்றாம் வகுப்பில் ஒழுங்கு
(பெற்றோருக்கு ஒரு பாடம்)

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!" பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் தகப்பன்மாரில் அநேகர் ஆசிரியரிடம் சொல்லிவந்த வார்த்தை இது. ஆசிரியர்மேல் உள்ள நம்பிக்கையால் சொல்லுகிறார்களேயன்றி, கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆனால் அருகில் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? உள்ளே காலெடுத்து வைக்குமுன்பே பள்ளிக்கூடம் தோலை உரிக்கிற இடம் என்று அது தெரிந்துகொள்கிறது. "அ" எழுதப் படிக்குமுன் அது படிக்கும் முதற் பாடம் அச்சம்.

சிறு வகுப்புப் பிள்ளைகளை ஒழுங்கில் நடத்துவது எப்படி என்று இவ்வாரம் சிந்திப்போம். இது ஆசிரியருக்கு மட்டும் உரிய காரியம் என்று ஒதுக்கிவிடலாகாது. வகுப்பறையில் அவர் கட்டுவதை வீட்டில் நாம் இடிக்கவும் கூடும், தாங்கிப் பிடிக்கவும் கூடும்.

1. ஒழுங்கு என்பது என்ன?

நாற்பது பிள்ளைகள் கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருந்தால், "எவ்வளவு ஒழுங்கான வகுப்பு!" என்று மெச்சுகிறோம். ஆசிரியர் வெளியே போனதும் அதே வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. அப்படியானால் இருந்தது ஒழுங்கா, பயமா?

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு உரோமையில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு பகுதியில், சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அசையாமல் இருக்கும் பிள்ளையை ஒழுங்குள்ள பிள்ளை என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னைத்தானே அடக்கியாண்டு, வேலையில் மனம் வைத்து, பிறருக்கு இடையூறின்றி நடமாடும் பிள்ளையே ஒழுங்குள்ளது என்றார். மௌனத்தையும் அவர் ஒரு விளையாட்டாகவே கற்பித்தார். எல்லாரும் சத்தமின்றி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார்கள். அடுத்த அறையிலிருந்து ஆசிரியை மெல்லிய குரலில் ஒவ்வொரு பெயராக அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை ஓசைப்படாமல் எழுந்து போகவேண்டும். மிரட்டி வாங்க முடியாத அமைதியைப் பிள்ளைகள் ஆசையோடு கொடுத்தார்கள். இதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்.

2. பிள்ளை ஏன் அடங்குவதில்லை?

ஆறு வயதுப் பிள்ளையின் உடல் ஓடியாடுவதற்கென்றே ஆனது. நாற்பது நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வது கன்றுக்குட்டியை மூட்டைபோல் அடுக்கிவைக்கப் பார்ப்பதாகும். ஆகையால் "அடங்காப்பிடாரி" என்று பட்டம் சூட்டுமுன் காரணத்தைத் தேடுவோம்.

பசியாய் இருக்கலாம். காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்த பிள்ளை பத்து மணிக்குள் சோர்ந்துபோகும், அல்லது சண்டைபிடிக்கும். தமிழக அரசு 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் கிராமப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதை ஒழுங்கிற்கு உதவிய ஏற்பாடு என்றும் சொல்லலாம். பசி இல்லாவிடில், இரவில் நேரங்கழித்துத் தூங்கியிருக்கலாம். கரும்பலகை மங்கலாய்த் தெரியலாம். காது மந்தமாய் இருக்கலாம். ஒன்றுக்குப் போகக் கேட்கக் கூச்சப்பட்டு நெளிந்துகொண்டிருக்கலாம். வீட்டில் புதிதாய்த் தம்பியோ தங்கையோ பிறந்து, தன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று மனம் புழுங்கலாம். பாடம் புரியாத பிள்ளையும் குறும்பு செய்யும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளையும் குறும்பு செய்யும். இவற்றில் எந்த நோய்க்கும் பிரம்பு மருந்தாகாது.

3. ஒழுங்கையும் கற்பிக்க வேண்டும்

கூட்டல் தெரியாத பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்கிறோம். வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளையை மட்டும் ஏன் அடிக்கிறோம்? அதுவும் கற்கவேண்டிய பாடந்தானே! நல்ல ஆசிரியர்கள் கையாளும் வழிகள் சில:

(அ) விதிகள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். "ஓடாதே" என்பதைவிட "மெல்ல நட" என்பது பிள்ளைக்கு எளிதில் விளங்கும். சொன்னால் மட்டும் போதாது. நடந்து காட்டி, நடக்கவைத்துப் பழக்கவேண்டும்.

(ஆ) ஒவ்வொரு காரியத்துக்கும் நேரமும் இடமும் மாறாமல் இருக்கட்டும். பை எங்கே, தண்ணீர்ப் புட்டி எங்கே, நோட்டைச் சேகரிப்பது யார் என்பது தெரிந்த வகுப்பில் பாதிச் சச்சரவு இராது.

(இ) கத்துவதற்குப் பதில் ஓர் அடையாளம் வேண்டும். ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950-இல் திருச்சபை அறிவித்த அர்ச். தெ லா சால், தம் பள்ளிகளில் ஆசிரியர் கையில் சிறியதொரு கருவியைக் கொடுத்து, அதன் ஓசையாலும் சைகையாலும் வகுப்பை நடத்தச் செய்தார். இன்று நம் ஆசிரியைகள் தாளமிட்டுக் கைதட்ட, பிள்ளைகள் பதிலுக்குத் தட்டி அமைதியாவது அதே முறைதான். தொண்டையும் பிழைக்கும்.

(ஈ) நல்லதைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். சிறு பிள்ளைகளின் வகுப்பறைகளைக் கவனித்து அமெரிக்காவில் 1968-இல் வெளியான ஓர் ஆய்வு, விதிகளை எடுத்துச் சொல்வதால் மட்டும் நடத்தை அவ்வளவாக மாறவில்லை என்று கண்டது. நல்ல நடத்தையைப் பாராட்டி, சில்லறைக் குறும்புகளைப் பாராமுகமாய் விட்டபோதுதான் வகுப்பு திருந்தியது. "சமர்த்து" என்று பொதுவாய்ச் சொல்வதைவிட, "பென்சிலை நீயாகவே அவனுக்குக் கொடுத்தாயே, நல்லது" என்று குறிப்பாய்ச் சொல்லுங்கள். ஆனால் பிறரை அடித்தல் போன்றதைப் பாராமுகமாய் விடலாகாது, உடனே தடுக்கவேண்டும்.

(உ) துறுதுறுப்பான பிள்ளைக்கு வேலை கொடுக்கவேண்டும். கரும்பலகை துடைக்கவும் நோட்டுகளை அடுக்கவும் அனுப்பப்படும் பிள்ளைக்குத் தொல்லை கொடுக்க நேரமில்லை, பெருமையும் உண்டு.

4. தண்டனையைப் பற்றி

அர்ச். தொன் போஸ்கோ தெருவில் அலைந்த இளைஞரோடு வாழ்ந்து கற்ற முறையை 1877-இல் சுருக்கமாய் எழுதிவைத்தார். தவறு நடந்தபின் தண்டிப்பது ஒரு முறை. தவறு நேராதபடி உடனிருந்து காப்பது மற்றொரு முறை. அவர் இரண்டாவதைத் தெரிந்துகொண்டார். நியாயம், பக்தி, அன்பு ஆகிய மூன்றும் அதன் அடித்தளம். எவ்விதத்திலும் அடிக்கக்கூடாது, அடி பிள்ளைக்கு எரிச்சலூட்டும், ஆசிரியரையும் தாழ்த்தும் என்றார். மிக அரிதான வேளைகளில் தவிர, பிறர் முன்னிலையில் கண்டிக்காமல் தனியே அழைத்துப் பேசவேண்டும் என்றார். அவருடைய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்ததுமுதல் இம்முறை நம் தமிழகத்துக்குப் புதிதல்ல.

இன்று நாட்டின் சட்டமும் இதையே சொல்லுகிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. மீறும் ஆசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. ஆகையால் "தோலை உரியுங்கள்" என்று கேட்கும் தகப்பன், சட்டத்தை மீறும்படி ஆசிரியரைக் கேட்கிறார். "மக்கு", "எருமை" என்று வகுப்பில் ஏளனம் செய்வதும் பிள்ளையின் மனத்தைத் துன்புறுத்துவதே.

"அப்படியானால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். அல்ல. தண்ணீரைக் கொட்டிய பிள்ளை துடைக்கட்டும். தோழனின் கோபுரத்தைத் தட்டிவிட்ட பிள்ளை திரும்பக் கட்டிக்கொடுக்கட்டும். தவற்றுக்குப் பொருந்திய விளைவு, கோபமின்றி, ஒவ்வொரு முறையும் தவறாமல் வரவேண்டும். இன்று சிரித்துவிட்டு, அதே குற்றத்துக்கு நாளை சீறுவதுதான் பிள்ளையைக் கெடுக்கும்.

"நாங்கள் அடிவாங்கித்தானே படித்தோம்!" என்பார் வேறு சிலர். உண்மை, ஆனால் அப்படிச் சொல்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். பிரம்புக்குப் பயந்து பையை வேலியில் மாட்டிவிட்டு மாடு மேய்க்கப் போனவர்களும் அதே வகுப்பில் இருந்தார்கள். அவர்களை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

5. வீட்டில் நம் கடமை

பிள்ளையை நேரத்தோடு தூங்க வையுங்கள். மணியடிக்குமுன் பள்ளியில் விடுங்கள். "இரு, டீச்சரிடம் சொல்லுகிறேன்" என்று ஆசிரியரைப் பூச்சாண்டியாக்காதீர்கள். பிள்ளையின் காதுபட ஆசிரியரைக் குறை கூறாதீர்கள். மனத்தாங்கல் இருந்தால் தனியே போய்ப் பேசுங்கள். பிள்ளைக்கு நேர்ந்த நோயையும் வீட்டுத் துக்கத்தையும் ஆசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரு வகுப்பில் பல வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் அவருக்கு, நாம் சொல்லாமல் எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியில் ஒரு முறையும் வீட்டில் வேறொரு முறையுமாய் இருக்கவேண்டாம். அங்கே அன்பாய்ச் சொல்லி, இங்கே கரண்டிக்காம்பால் அடித்தால், அடிக்கு மட்டுமே அடங்கப் பிள்ளை பழகிவிடும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். மெய்தான். ஆனால் இளங்கொம்பை வளைப்பவன் கை பதமறிந்து வளைக்கவேண்டும். வேகமாய் இழுத்தால் ஒடிந்துபோகும்.

குடும்பத்தில் பேசிப் பார்க்க:

1. நம் பிள்ளை பள்ளிக்குப் போக அழுதால், காரணத்தைக் கேட்டோமா, அதட்டினோமா?

2. சென்ற வாரத்தில் பிள்ளையின் எந்த நற்செயலைக் குறிப்பாய்ச் சொல்லிப் பாராட்டினோம்?

3. வீட்டில் எல்லாரும் கைக்கொள்ளத்தக்க மூன்று விதிகள் எவை? அவற்றைப் பெரியவர்களும் அனுசரிப்போமா?